மலையக வாடகை வீட்டுக்கு எந்தப் புகை அலாரம், யார் பொறுப்பு?

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கங்களில் ஓர் அனெக்ஸையோ மேல்மாடி வீட்டையோ வாடகைக்கு எடுப்பவர், தண்ணீர் ஒழுங்காக வருமா, கரண்ட் மீட்டர் தனியா, முற்பணம் எத்தனை மாதத்துக்கு என்றெல்லாம் விசாரிப்பார். புகை அலாரம் இருக்கிறதா என்று கேட்பவரைக் காண்பது அரிது. சட்டமும் கேட்பதில்லை. இலங்கையின் 1972ஆம் ஆண்டு 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைத் தொகையையும் குடியிருப்பவரை வெளியேற்றுவதையும் பற்றி விரிவாகப் பேசுகிறதே தவிர, புகை அலாரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆகவே எந்தக் கருவியைப் பொருத்துவது, அதை யார் பராமரிப்பது என்ற இரண்டு கேள்விகளையும் சொந்தக்காரரும் குடியிருப்பவரும் தமக்குள்ளேயே தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கருவியைத் தெரிவது சுலபம். மலையகத்தின் உயரமும் குளிரும் அந்தத் தெரிவைப் பெரும்பாலும் செய்து கொடுத்துவிடுகின்றன.

வீட்டுப் பாவனைக்கான புகை அலாரங்களில் இரண்டு வகைகள் முக்கியமானவை. அயனி வகையில் அமெரிசியம்-241 என்னும் கதிரியக்கப் பொருள் மிகச் சிறிய அளவில் இருக்கும். அது ஒரு சிற்றறையிலுள்ள காற்றை அயனாக்கி மெல்லிய மின்னோட்டத்தை உண்டாக்க, புகைத் துகள்கள் உள்ளே நுழைந்து அந்த ஓட்டத்தைக் குறைக்கும்போது அலாரம் ஒலிக்கும். ஒளியியல் வகையில் ஒரு சிறு விளக்கின் ஒளி புகையில் பட்டுச் சிதறி உணரியின் மேல் விழும்போது ஒலி எழும். கொழுந்துவிட்டு எரியும் தீயை அயனி வகை சற்று முந்தி உணரும்; கனன்று புகையும் தீயை ஒளியியல் வகை பல நிமிடங்கள் முந்தி உணரும். மே மாதத்துக்குப் பின் தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டால் துணி காயாது. அடுப்புக்கு மேலே கட்டிய கொடியிலும் மின் ஹீட்டருக்குப் பக்கத்துக் கதிரையிலும் துணியை உலர்த்துவதும், இரவில் கம்பளியை ஹீட்டருக்கு அருகே விட்டுவிட்டுத் தூங்குவதும் இங்கே சாதாரணம். இவற்றிலிருந்து தொடங்கும் தீ முதலில் நெடுநேரம் புகையும், பிறகுதான் பற்றும். கருங்கல் கட்டடத்தில் தீ ஏது என்று சொல்லும் சொந்தக்காரர்களை நான் கண்டிருக்கிறேன். கருங்கல் எரியாதுதான், ஆனால் மெத்தை எரியும்.

அயனி வகைக்கு எதிரான இன்னொரு காரணத்தை இங்குள்ள கடைக்காரர்கள் சொல்வதில்லை. அந்தச் சிற்றறையின் நடத்தை காற்றழுத்தத்தைப் பொறுத்து மாறும். அமெரிக்காவின் தீ அலார நியமமான என்.எஃப்.பி.ஏ. 72, 3,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தை அயனி வகையைப் பாதிக்கும் சூழல்களில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது, ஒளியியல் வகைக்கு அப்படிக் குறிப்பிடவில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கும் மேலே இருக்கிறது. ஹட்டனும் பண்டாரவளையும் 4,000 அடி அளவில் இருக்கின்றன. ஹப்புத்தளை அவற்றைவிட உயரம். அந்த 3,000 அடிக்குக் கீழே உள்ள கண்டி நகரில் வாடகை வீடு வைத்திருப்பவருக்கு இது பொருந்தாது. 3,000 அடிக்கு மேலே உள்ளவர்களுக்கு என் தீர்ப்பு நேரடியானது: அயனி வகை விலை குறைவாகக் கிடைத்தாலும், வெளிநாட்டு உறவினர் பெட்டியில் போட்டு இலவசமாகக் கொண்டுவந்தாலும், வேண்டாம். அப்படி வரும் கருவியின் பின்புறத்தில் கதிரியக்கக் குறியீடோ அமெரிசியம் என்ற பெயரோ அச்சிட்டிருக்கும். பக்கத்திலேயே தயாரிப்புத் திகதியும் இருக்கும். எந்த வகையானாலும் தயாரித்து 10 ஆண்டு கடந்திருந்தால் அதைச் சுவரில் மாட்டுவதில் பயனில்லை.

ஒளியியல் வகையும் குறையற்றதன்று. மூடுபனி சன்னல் வழியே உள்ளே புகும் வீடுகளிலும், குளிர்காலையில் வெந்நீர்க் குளியலறைக் கதவைத் திறந்ததும் ஆவி நடைக்கூடத்துக்கு வரும் வீடுகளிலும் அது தேவையில்லாமல் அலறும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது சாமி மாடத்துக்கு மேலே அலாரம் இருந்தால் சொல்லவே வேண்டாம். இதற்கு மருந்து கருவியைக் கழற்றி வைப்பது அல்ல. சமையலறை, குளியலறை, சாமி மாடம் ஆகியவற்றிலிருந்து கிட்டத்தட்ட 3 மீற்றர் தள்ளிப் பொருத்துவதும், சுமார் 10 நிமிடம் ஒலியை நிறுத்திவைக்கும் பொத்தான் உள்ள கருவியை வாங்குவதும்தான். சிறு பூச்சிகளும் சிலந்தியும் உள்ளே குடியேறுவதையும் தடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வெளித்துவாரங்களை உலர்ந்த மென்மையான பிரஷ் கொண்டு தூசி தட்டினால் போதும். ஈரத்துணியால் துடைப்பதும், அருகில் பூச்சி மருந்து அடிப்பதும், வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கும்போது அதற்கும் சேர்த்து ஒரு பூச்சு கொடுப்பதும் உணரியைக் கெடுத்துவிடும்.

விறகடுப்பு எரியும் குசினிக்கு இரண்டு வகைப் புகை அலாரமும் ஒத்துவராது. அங்கே வெப்ப அலாரமே பொருந்தும்: வெப்பநிலை 57 பாகை செல்சியஸ் அளவை எட்டும்போது ஒலிப்பது ஒரு வகை, வெப்பம் வழக்கத்துக்கு மாறான வேகத்தில் ஏறும்போது ஒலிப்பது மற்றொன்று. அடுப்பு மூட்டும் வீட்டில் முதல் வகையே தொல்லை குறைந்தது. ஆனால் வெப்ப அலாரம் தூங்குபவரை எழுப்பும் வேலைக்குப் போதாது. புகை அறையை நிரப்பிய பிறகுதான் அது பேசும். ஆகவே குசினிக்கு அது, தூங்கும் இடத்துக்கு ஒளியியல் அலாரம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

வாடகை வீட்டைப் பொறுத்தவரை உணரியைவிட மின்கலமே பெரிய விடயம் என்பது என் கருத்து. 9 வோல்ற் பெட்டரி போடும் அலாரம் விலை குறைவு, எங்கும் கிடைக்கும். ஆண்டுக்கு ஒரு முறை பெட்டரி மாற்ற வேண்டும். தயாரிப்பாளர்கள் அல்கலைன் அல்லது லித்தியம் வகையைக் கேட்க, மலையகச் சிறு நகரத்துக் கடைகளில் பெரும்பாலும் கைக்கு அகப்படுவது சாதாரண கார்பன்-சிங்க் பெட்டரிதான். மின்கலத்தின் வலு தாழும்போது கருவி நிமிடத்துக்கு ஒன்றோ இரண்டோ தடவை 'கீச்' என்று ஒலி எழுப்பும். குளிரில் மின்கலத்தின் வோல்ற்றளவு குறைவதால், அந்த ஒலி பெரும்பாலும் வீடு மிகவும் குளிர்ந்திருக்கும் பின்னிரவில்தான் தொடங்கும். தை மாதத்தில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி படியும் இரவில், மூன்று மணிக்கு, கம்பளிக்குள்ளிருந்து எழுந்து கதிரை போட்டு ஏறும் மனிதர் அலாரத்தை என்ன செய்வார்? பெட்டரியைப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டுப் படுப்பார். விடிந்ததும் வெயில் வரும், அந்தப் பெட்டரி தொலைக்காட்சி றிமோட் கிடக்கும் இலாச்சிக்குள் போகும், அலாரம் வெற்றுக் கூடாகச் சுவரில் தொங்கும். வாடகை வீடுகளில் அலாரம் இருந்தும் ஒலிக்காமற் போவதற்கு இதைவிடச் சாதாரணமான வழி இல்லை.

10 ஆண்டு உழைக்கும் லித்தியம் மின்கலத்தை உள்ளேயே வைத்து மூடிய கருவியில் பிடுங்குவதற்கு ஒன்றுமில்லை. வாங்கும்போது விலை கூடுதல். பத்து ஆண்டுக்கான பெட்டரிச் செலவையும் அலைச்சலையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் கரைந்துவிடும். வீட்டு மின்சாரத்தில் நேரே இணைக்கும் வகை மூன்றாவது தெரிவு. 2022 மார்ச் 31 அன்று நாடு 13 மணி நேர மின்வெட்டைக் கண்டது என்பதையும், மழையும் காற்றும் வந்தால் தோட்டப் பக்கத்தில் மரம் விழுந்து கம்பி அறுவதையும் நினைத்தால், மாற்று மின்கலம் இல்லாத மின்னிணைப்பு அலாரம் இங்கே வேண்டாத செலவு. மாற்று மின்கலத்தோடு வருவது நல்லதுதான். ஆனால் தகுதியுள்ள மின்பணியாளர் வந்து கம்பி இழுக்க வேண்டும், பழைய வீட்டின் கம்பியிணைப்பு அதற்குத் தாங்க வேண்டும். புதிதாகக் கட்டும் வாடகை மாடிகளுக்கு அதை ஏற்கலாம். இருக்கும் வீட்டுக்கு மூடிய லித்தியம் கருவியே என் தெரிவு.

பொருத்தும் இடத்தில் ஒரு சங்கதி. கையேடுகள் உட்கூரையின் நடுவில் பொருத்தச் சொல்கின்றன. சீலிங் அடிக்காத தகரக் கூரைக்கு அது பொருந்தாது. பகலில் சூடேறிய தகரத்துக்குக் கீழே வெப்பக் காற்று ஒரு படலமாக நின்று புகையை மேலே வரவிடாது. இரவில் தகரம் குளிர்ந்து, விடியற்காலையில் நீர் கோத்துக் கருவியின் மேல் சொட்டும். இத்தகைய வீட்டில் படுக்கையறைக்கும் நடைக்கும் இடையிலுள்ள உட்சுவரில், சுவர் உச்சியிலிருந்து 10 முதல் 30 சென்ரிமீற்றர் கீழே மாட்டுவது மேல். வெளிச்சுவர் குளிரை வாங்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

இனிப் பராமரிப்பு யார் தலையில் என்பதற்கு வருவோம். இதற்குச் சட்டம் இயற்றிய நாடுகள் மூன்று விதமாகப் பங்கு பிரித்திருக்கின்றன. இங்கிலாந்தில் 2015 ஒக்ரோபர் 1 முதல், குடியிருப்பறை உள்ள ஒவ்வொரு மாடிக்கும் ஓர் அலாரம் வைத்து, குடியிருப்பு தொடங்கும் நாளில் அது வேலை செய்கிறதா என்று சோதிப்பது சொந்தக்காரரின் கடமை. தவறினால் 5,000 பவுண் வரை தண்டம். 2022 ஒக்ரோபர் 1 முதல், பழுதென்று அறிவித்தால் திருத்தியோ மாற்றியோ கொடுப்பதும் அவர் கடமையாயிற்று. நியூசிலாந்தில் 2016 ஜூலை 1 முதல், புதிதாகப் பொருத்துபவை நீண்டகால மின்கலமுள்ள ஒளியியல் வகையாகவோ மின்சாரத்தில் இணைத்தவையாகவோ இருக்க வேண்டும். பழைய வகையில் தீர்ந்த பெட்டரியை மாற்றுவது குடியிருப்பவர் பாடு. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து இன்னும் கடுமை: 2011இல் ஸ்லாக்ஸ் கிரீக்கில் ஒரு வீட்டுத் தீயில் 11 பேர் இறந்த பிறகு வந்த சட்டத்தின்படி, 2022 ஜனவரி 1 முதல் வாடகை வீட்டின் படுக்கையறை ஒவ்வொன்றிலும், ஒன்று ஒலித்தால் எல்லாம் ஒலிக்கும் ஒளியியல் அலாரம் வேண்டும். குடியிருப்பு தொடங்குவதற்கோ புதுப்பிப்பதற்கோ முந்திய 30 நாட்களுக்குள் சொந்தக்காரர் சோதித்துத் தூசி தட்ட வேண்டும். இடையில் 12 மாதத்துக்கு ஒரு தடவையாவது குடியிருப்பவர் அதைச் செய்ய வேண்டும்.

குயின்ஸ்லாந்து முறைதான் உயிர்களை நன்றாகக் காக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மாதக் கணக்கில் வாய்ப்பேச்சில் ஓடும் நம் குடியிருப்புகளுக்கு முதல் நாள் சோதனையைக் கேட்கும் இங்கிலாந்து முறையே எளிதில் ஒட்டும். சாவியையும் மீட்டர் வாசிப்பையும் கைமாற்றும் அதே நேரத்தில் பொத்தானையும் அழுத்திப் பார்த்துவிடலாம். பெட்டரியைக் குடியிருப்பவரிடம் விடும் நியூசிலாந்து ஏற்பாடு நம்மிடம் எடுபடாது. அந்தப் பின்னிரவுக் கீச்சொலியின் முடிவை மேலே சொன்னேன். ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வாசகம் சேர்க்கலாம்: 'புகை அலாரங்கள் சொந்தக்காரரின் உடைமை; குடியேறும் நாளில் இரு தரப்பினர் முன்னிலையிலும் சோதிக்கப்பட்டன; குடியிருப்பவர் மாதம் ஒரு தடவை பொத்தானை அழுத்திப் பார்த்துப் பழுதை அறிவிப்பார்; அறிவித்த 7 நாட்களுக்குள் சொந்தக்காரர் தம் செலவில் மாற்றித் தருவார்.' பொருட்பட்டியலில் கருவியின் தயாரிப்பு ஆண்டையும் எழுதிவைத்தால் 10 ஆண்டு எப்போது முடியும் என்ற வாக்குவாதம் எழாது.

தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக வாழும் லயன் வீடுகளுக்கு இந்த ஏற்பாடு முழுதாகப் பொருந்தாது. அங்கே வாடகை ஒப்பந்தம் இல்லை. கட்டடத்துக்குப் பொறுப்பு தோட்ட நிர்வாகம், உள்ளே திருத்தங்கள் செய்வது குடும்பங்கள். ஒரே தகரக் கூரை பல காம்பராக்களுக்கு (ஒரு குடும்பத்துக்கான அறைகளுக்கு) மேலே ஓட, இடைச்சுவர் பல இடங்களில் கூரை வரை எழும்பாமல் நிற்பதால், ஒரு மூலையில் எழும் புகையும் தீயும் மறுகோடி வரை தடையின்றிப் போகும். அடுத்த காம்பராவில் ஆளில்லாத நேரம் தீப்பிடித்தால், நம் வீட்டிலுள்ள தனி அலாரம் நம்மிடம் புகை வந்த பிறகே ஒலிக்கும். இங்கு மட்டும் நான் தனிக் கருவியை விட்டு, கம்பியில்லாமல் ஒன்றோடொன்று பேசும் கருவிகளைச் சிபாரிசு செய்வேன். லயம் முழுவதற்கும் சேர்த்து ஒரே வகையை வாங்கினால்தான் அவை இணையும் என்பதால், அதை நிர்வாகமோ லயத்தார் கூடியோ செய்ய வேண்டும்.

கரி விடயத்தில் மேலே சொன்ன எந்தக் கருவியும் உதவாது. குளிருக்காகக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் வெளிவரும் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு நிறமும் மணமும் அற்றது. புகை அலாரம் அதை உணராது. அதற்கென்று தனி அலாரம் உண்டு: ஐரோப்பிய நியமமான ஈ.என். 50291இன்படி, பத்து இலட்சத்தில் 300 பங்கு என்ற செறிவில் அது 3 நிமிடத்துக்குள் ஒலிக்க வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடுபவர்கள் கரியடுப்பைப் படுக்கையறைக்குள் அனுமதிக்காமல் இருப்பதே முதல் வேலை. நெருப்புக் குழி உள்ள பழைய பங்களா அறையாயின் அங்கே இந்த அலாரமும் வேண்டும். ஒரு கருவிக்கு மட்டுமே பணம் இருக்கிறது, அறைக்குள் கரியோ விறகோ எரிப்பதில்லை என்றால், மூடிய மின்கலமுள்ள ஒளியியல் அலாரத்தை வாங்கிப் படுக்கையறை வாசலுக்கு அருகிலுள்ள உட்சுவரில் மாட்டலாம். குசினிக்கான வெப்ப அலாரத்தை அடுத்த வாடகை கைக்கு வந்ததும் வாங்கலாம்.