9.3×62: ஏழு வருஷம் எருமை, மிளா பின்னாடி அலைஞ்சப்புறம்

9.3×62ங்கிறது வேட்டை ரைஃபிள் தோட்டாவோட ஒரு அளவு (9.3 மி.மீ. குண்டு, 62 மி.மீ. நீளக் கூடு), அதைப் பத்தித்தான் இது. மெல்போர்ன்ல இருக்கேன். வருஷத்துக்கு ஒருதடவை நார்தர்ன் டெரிட்டரிக்கு எருமை வேட்டைக்குப் போவேன், மத்த நேரம் விக்டோரியா மலைக்காட்டுல சாம்பார் மான், நம்ம ஊர் மிளாதான் அது, 1860கள்ல கொண்டுவந்து விட்டு இப்ப பெருகிக் கிடக்கு. (ஊர்ல 1972 சட்டத்துக்கப்புறம் அதைத் தொட்டா கம்பிதான்.)

எருமைன்னதும் எல்லாரையும் போல நானும் முதல்ல .375 எச் அண்ட் எச் மேக்னம்ங்கிற பெரிய தோட்டாவைப் போடுற ரைஃபிளை வாங்குனேன். 1912ல வந்தது, ஆப்பிரிக்கால பல நாட்டுல ஆபத்தான மிருகத்துக்கு குறைஞ்சபட்சமே இதுதான், காட்ரிட்ஜ் மேல ஒரு குறையும் இல்ல, குறை என்கிட்ட. ரைஃபிள் லேசு, ரேஞ்சுல பத்து தோட்டாவுக்குள்ள தோள் மரத்துடும், அப்புறம் ட்ரிக்கரைத் தொட்டாலே கண்ணு தானா மூடும். ஒருநாள் ஃப்ரெண்டு எனக்குத் தெரியாம தோட்டா இல்லாத ரைஃபிளை கைல குடுத்துட்டான், "டிக்"னு சத்தம் மட்டும்தான் வந்துச்சு, ஆனா உதை வரும்னு பயந்து நான் அசைஞ்சதுல பேரல் சடார்னு கீழ இறங்கிடுச்சு. மானமே போச்சு.

அதை வித்துட்டு செகண்ட் ஹேண்ட்ல சிஇசட் 550ங்கிற ரைஃபிள் வாங்குனேன், 9.3×62. பெர்லின்ல ஓட்டோ பாக்னு ஒருத்தர் 1905ல பண்ணது, சாதா மவுசர் 98 ஆக்‌ஷன்லயே (தோட்டாவை உள்ள தள்ளிப் பூட்டுற பாகம்) உக்காரும், மேக்னத்துக்கான நீள ஆக்‌ஷன் தேவையில்ல. 286 கிரெய்ன் (சுமார் 18.5 கிராம்) தோட்டா, நொடிக்கு 720 மீட்டர் சுமாருக்குப் போகும். .375 அதைவிட கொஞ்சம் கனமான தோட்டாவை 770ல தள்ளும். பேப்பர்ல வித்தியாசம் தெரியும், தோள்ல அதைவிட நல்லாவே தெரியும்.

எருமைல என் அனுபவம்: 50லிருந்து 80 மீட்டர், பக்கவாட்டுல நிக்கணும், முன்னங்காலுக்கு நேர்மேல, உடம்புல மூணுல ஒரு பங்கு உயரத்துல வைக்கணும், பாண்டட் தோட்டாதான் (ஈயமும் மேலுறையும் பிரியாம ஒட்டுனது), சாதா சாஃப்ட் பாயிண்ட் (முனைல ஈயம் தெரியுறது) வேணாம். முதல் அடி வாங்கிட்டும் அது சும்மா நிக்கும், நம்ம மிஸ் பண்ணிட்டோமோன்னு வயித்தைக் கலக்கும், யோசிக்காம ரெண்டாவதையும் போட்டுடுங்க. மிளாவுக்கு இது ஓவர்தான், விக்டோரியா சட்டப்படி .270ங்கிற சின்ன அளவுலயே 130 கிரெய்ன் போதும், ஆனா அடர்ந்த புதர்ல சரிஞ்ச இடத்துலயே கிடக்கும், பள்ளத்துல இறங்கித் தேடுற வேலை குறைவு.

குறை ரெண்டு. 150 மீட்டருக்கு ஸ்கோப்பை செட் பண்ணிருக்கேன், 300ல அரை மீட்டருக்கு மேல இறங்கிடும், அதனால 200 தாண்டி நான் சுடுறதே இல்ல. அடுத்தது தோட்டா கிடைக்கிறது. ஒரு ட்ரிப்ல டார்வின் ஃப்ளைட்ல தோட்டா வச்ச பை மட்டும் வரல, போற வழில இருந்த சின்னக் கடைல .375 ரெண்டு பெட்டி என்னைப் பாத்து சிரிக்குது, 9.3 ஒண்ணுகூட இல்ல. அந்த ட்ரிப் பூரா கைடோட ரைஃபிளை கடன் வாங்கித்தான் ஓட்டுனேன், அதுவும் .375தான், நல்ல கனமான ரைஃபிள், சத்தியமா வலிக்கல. அன்னிக்குத்தான் உறைச்சுது, பழசை வித்திருக்க வேணாம், கனமான ஸ்டாக் (தோள்ல வைக்கிற கட்டை) மாத்திருந்தாலே பாதி பிரச்சனை தீந்திருக்கும்.

ஆனாலும் 9.3ஐ விக்கப்போறதில்ல. ஜூன்ல மறுபடி போறேன், இந்த தடவை தோட்டா ரெண்டு பையில, ஒண்ணு என்னோடது, ஒண்ணு ஃப்ரெண்டோடது.