ஆஃப்லைன் ஃபைல்ஸ் கேஷை டி டிரைவுக்கு நகர்த்துவதா, சி டிரைவையே பெரிதாக்குவதா?

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் துறைமுகச் சரக்குக்குச் சுங்க வேலை பார்க்கிற ஒரு சின்ன கிளியரிங் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன், கம்ப்யூட்டர் பார்க்கிற வேலையும் என் தலையில்தான். நான்கு லேப்டாப், ஒரு பழைய லினக்ஸ் சர்வர், அதில் சாம்பா ஷேர் (சர்வரில் இருக்கிற ஃபோல்டரை விண்டோஸ் லேப்டாப்புகளுக்குப் பகிர்கிற ஏற்பாடு). பில் ஆஃப் என்ட்ரி, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், டெலிவரி ஆர்டர் என்று ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒரு ஃபோல்டர் சேரும். பசங்க காலையில் ஆபீஸுக்கு வந்து தலையைக் காட்டிவிட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மணலி, மாதவரம், எண்ணூர் பக்கம் இருக்கிற கன்டெய்னர் யார்டுகளுக்குப் போய்விடுவார்கள். அங்கே போன் சிக்னலை நம்பி ஒரு வேலையும் ஆகாது. அதனால் விண்டோஸோடு வருகிற ஆஃப்லைன் ஃபைல்ஸ் வசதியைத்தான் பல வருஷமாக ஓட்டுகிறோம். ஷேரில் இருக்கிற ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து எப்போதும் ஆஃப்லைனில் வேண்டும் என்று டிக் போட்டால் லேப்டாப்பில் ஒரு நகல் உட்கார்ந்துகொள்ளும், சாயங்காலம் ஆபீஸ் கேபிளைச் சொருகினால் அன்றைய மாற்றங்கள் சர்வருக்குப் போய்விடும், இதைத்தான் சின்க் என்கிறேன்.

அந்த நகல் உட்காருகிற இடம்தான் பிரச்சினை. சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளேயே சிஎஸ்சி என்ற பெயரில் அந்த நகல்களின் கிடங்கு, அதாவது கேஷ் (cache), இருக்கிறது. எங்கள் லேப்டாப்புகளில் மூன்றில் சி என்பது 120 ஜிபி எஸ்எஸ்டி. கேஷ் 40 ஜிபியைத் தாண்டியதும் சி சிவப்பாகிவிட்டது, விண்டோஸ் அப்டேட் இறங்க இடமில்லை. டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேடி (caddy, டிஸ்கைத் தாங்குகிற சட்டம்) வைத்து மாட்டிய 1 டிபி ஹார்டு டிஸ்க் டி டிரைவாகக் காலியாகவே கிடந்தது. பார்த்தால் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான், கேஷை டி-க்குத் தூக்கிப் போடு என்று. எனக்கும் அதுதான் தோன்றியது. இரண்டு லேப்டாப்பில் செய்தேன், மூன்று மாதம் அல்லாடினேன், அப்புறம் கேஷைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டு எஸ்எஸ்டியைப் பெரிதாக மாற்றினேன். நடுவில் சின்க்திங் என்ற, ஃபோல்டர்களைச் சின்க் செய்கிற தனி மென்பொருளையும் முயன்று பார்த்தேன். மூன்றில் நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை: சி-யைப் பெரிதாக்குங்கள், கேஷை அது இருக்கிற இடத்தில் விடுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்னால் ஒன்று. கண்ட்ரோல் பேனலில் இருக்கிற சின்க் சென்டரில் ஆஃப்லைன் ஃபைல்ஸ் நிர்வாகத்துக்குள் டிஸ்க் யூசேஜ் பக்கம் இருக்கிறது. அங்கே தற்காலிக நகல்களை அழிக்கிற பட்டனும், எவ்வளவு இடம் எடுக்கலாம் என்ற வரம்பும் இருக்கும். தானாகச் சேர்ந்த தற்காலிக நகல்கள் வரம்பு வந்ததும் வெளியேறும், நாம் டிக் போட்டு வைத்தவை வெளியேறாது. எங்கள் பசங்க மொத்த ஷேரையும் டிக் போட்டு வைத்திருந்தார்கள். நடப்பு வருஷத்து ஃபோல்டருக்கு மட்டும் டிக் வைத்ததில் ஒரு லேப்டாப்பில் 40 ஜிபி 11 ஜிபி ஆனது. உங்களுக்கும் இதுவே போதும் என்றால் மேலே படிக்கவே வேண்டாம்.

சரி, டி-க்கு நகர்த்துகிற வழி. எக்ஸ்பி காலத்தில் இதற்கென்றே மைக்ரோசாஃப்ட்டின் ரிசோர்ஸ் கிட்டில் கேஷ்மூவ் என்று ஒரு கருவி இருந்தது. விஸ்டாவிலிருந்து, விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கிற ரெஜிஸ்ட்ரியில்தான் கை வைக்க வேண்டும்: சிஎஸ்சி சர்வீஸுக்குக் கீழே பாராமீட்டர்ஸ் என்ற கீ (இல்லையென்றால் நாமே உருவாக்க வேண்டும்), அதில் கேஷ்லொகேஷன் என்ற ஸ்ட்ரிங் மதிப்பு. நான் முதலில் சறுக்கியது இங்கேதான். டி, கோலன், பேக்ஸ்லாஷ், சிஎஸ்சி என்று சாதாரணமாக எழுதினேன், ஒன்றும் நடக்கவில்லை. முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ், இரண்டு கேள்விக்குறி, மறுபடி ஒரு பேக்ஸ்லாஷ், அதற்குப் பிறகுதான் டிரைவ் எழுத்து. விண்டோஸின் உள்மையமான கெர்னல் புரிந்துகொள்கிற பாதை அது. டி டிரைவ் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும், எக்ஸ்ஃபேட் என்றால் ஆகாது.

அடுத்து ரீஸ்டார்ட். ஒரு பையனிடம் போனில் சொன்னேன், லேப்டாப்பை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு என்று. செய்தான், கேஷ் அதே இடத்தில்தான் இருந்தது. விண்டோஸ் 8-இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருப்பதால் ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் இல்லை, கெர்னல் அப்படியே டிஸ்கில் தூங்கி எழுந்து வருகிறது, டிரைவர்கள் புதிதாகத் தொடங்குவதில்லை. ரீஸ்டார்ட் என்றே அழுத்த வேண்டும். இந்த ஒரு விஷயத்துக்கு அரை நாள் போனது.

ரீஸ்டார்ட் ஆகிப் புது கேஷ் டி-யில் வந்ததும் அடுத்த அதிர்ச்சி, அது காலி. இடத்தை மாற்றினால் உள்ளே இருப்பது கூடவே வராது, புது இடத்தில் புதிதாக ஒன்று தொடங்கும். விண்டோஸ் 7-இல் ஈஸி டிரான்ஸ்ஃபர் வழியாகப் பழைய கேஷை எடுத்துப் புது இடத்தில் இறக்க ஒரு வழி இருந்தது, விண்டோஸ் 10-இல் அந்தக் கருவியே இல்லை. போட்டு வைத்த டிக் எல்லாம் போய்விடும், மறுபடி டிக் போட்டு ராத்திரி முழுக்க ஆபீஸ் கேபிளில் விட வேண்டும். காலி கேஷைப் பார்த்து சர்வரில் இருப்பதை அழித்துவிடுமோ என்று நானே பயந்தேன். அழிக்காது, சர்வரிலிருந்து திரும்ப இறக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் சர்வருக்குப் போகாமல் பழைய கேஷில் நின்றுவிட்ட மாற்றங்கள் இருந்தால் அவை அங்கேயேதான் கிடக்கும். எனவே நகர்த்துவதற்கு முன் முழுதாக ஒரு சின்க், சின்க் சென்டரில் முரண்பாடு ஒன்றுகூட இல்லை என்று கண்ணால் பார்ப்பது, சந்தேகமாக இருக்கிற ஃபைலைப் பென்டிரைவில் தனியாக எடுத்து வைப்பது, இந்த மூன்றையும் தள்ளிப்போடாதீர்கள்.

பழைய சிஎஸ்சி ஃபோல்டர் சி-யில் அப்படியே 40 ஜிபியோடு இருக்கும், நாம் எதற்காக நகர்த்தினோமோ அந்த இடம் காலியாகியிருக்காது. அதன் உரிமை சிஸ்டம் கணக்கிடம் இருப்பதால் அட்மினாக இருந்தாலும் நேராக அழிக்க முடியாது. நகர்த்துவதற்கு முன்பே அதே பாராமீட்டர்ஸ் கீயில் ஃபார்மட்டேட்டாபேஸ் என்ற டிவேர்டை (எண் மதிப்பு) 1 என்று வைத்து ரீஸ்டார்ட் செய்தால் கேஷ் துடைக்கப்பட்டுவிடும். அதைச் செய்யாமல் விட்டால் டேக்ஓன், ஐகேக்ல்ஸ் என்று கமாண்ட் அடித்து உரிமையைப் பிடுங்கி அழிக்க வேண்டும். ஃபார்மட்டேட்டாபேஸ் யாரிடமும் கேட்காது, சின்க் ஆகாததையும் சேர்த்தே துடைக்கும்.

இதெல்லாம் ஒருமுறை பாடு என்று வையுங்கள். பொறுமை இருந்தால் ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடலாம். என்னைத் திருப்பியது அதற்கு அப்புறம் நடந்தது.

ஒரு நாள் மணலி யார்டிலிருந்து போன். "அண்ணா, ஃபைலே காணோம்ணா, டிரைவ் மேல சிவப்பு எக்ஸ் போட்ருக்கு." இவன் பைக்கில் லேப்டாப்பைப் பையில் மாட்டிக்கொண்டு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர்களுக்கு நடுவே பள்ளத்தில் குதித்துக் குதித்துப் போகிறவன். கேடியில் இருந்த ஹார்டு டிஸ்கின் கனெக்டர் அசைந்து டி டிரைவே வரவில்லை. விண்டோஸ் நன்றாகத்தான் எழுந்தது, கேஷ் இருக்க வேண்டிய இடம் இல்லாததால் ஆஃப்லைன் ஃபைல்ஸ் எழவில்லை. ஆபீஸில் இருந்தபோது சர்வர் நேராகக் கிடைத்ததால் யாரும் கவனிக்கவில்லை. யார்டுக்குப் போய், அது எதற்காக இருக்கிறதோ அந்த நேரத்தில்தான் இல்லை என்று தெரிந்தது. கன்டெய்னர் பக்கத்தில் அதிகாரி நிற்கிறார், பேக்கிங் லிஸ்ட் காட்ட முடியவில்லை.

இரண்டாவது லேப்டாப்பில் வேறு மாதிரி. காசிமேட்டுக் கடல்காற்று எங்கள் பக்கத்து எலக்ட்ரானிக்ஸை என்ன செய்யும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீபோர்டு போய் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தோம். அவர் விண்டோஸும் சரியில்லை என்று சி-யை ஃபார்மட் பண்ணிவிட்டார். ரெஜிஸ்ட்ரி போனது, கேஷ்லொகேஷனும் போனது, புது விண்டோஸ் சி-யில் புது கேஷ் தொடங்கியது. டி-யில் பழைய கேஷ் அநாதையாகக் கிடந்தது, அதற்குள் இரண்டு நாள் சின்க் ஆகாத ஸ்கேன். இங்கே நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும்: கேஷ் சி-யில் இருந்திருந்தால் அந்த இரண்டு நாள் வேலை மொத்தமாகப் போயிருக்கும். டி-யில் இருந்ததால்தான் உரிமையைப் பிடுங்கி, உள்ளே நேம்ஸ்பேஸ் என்ற ஃபோல்டருக்குள் போய், சர்வர் பெயர், ஷேர் பெயர் என்று இறங்கி, ஃபைல்களை அவற்றின் சொந்தப் பெயரிலேயே எடுக்க முடிந்தது. ஆனால் அங்கே பார்க்க வேண்டும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் அன்றைக்கு ஊரில் இல்லாமல் இருந்திருந்தால் காலியிடம் வேண்டும் என்று அந்த ஃபோல்டரை யாராவது அழித்திருப்பார்கள்.

இதுதான் எனக்கு முடிவெடுக்க வைத்த விஷயம். வெளியே இருக்கும்போது வேலை செய்ய வேண்டிய ஒன்றுக்கு இரண்டு டிஸ்க்கும் நலமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நானே சேர்த்திருக்கிறேன். அதைவிட, அந்த ஏற்பாடு என் மண்டையைத் தவிர வேறெங்கும் எழுதப்படவில்லை. லேப்டாப்பைத் தொடுகிற ரிப்பேர்காரர், நாளைக்கு என் இடத்துக்கு வரப்போகிறவர், எல்லாரும் கேஷை விண்டோஸ் ஃபோல்டருக்குள்தான் தேடுவார்கள். பராமரிப்பு என்றால் நான் பார்ப்பதில்லை, என்னைத் தவிர மற்றவர்களும் பார்க்க முடிவது.

ஆகவே சி-யைப் பெரிதாக்கினேன். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி கவர்ன்மென்ட் எஸ்டேட்டில் இறங்கி ரிச்சி தெருவில் 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி மூன்று வாங்கினேன், ஒன்று 3,500 ரூபாய் வீதம். நகர்த்தாமல் விட்டிருந்த லேப்டாப்பில் வேலை ரொம்ப எளிது: சின்க் முடித்து, பழைய டிஸ்கைப் புதியதில் அப்படியே நகலெடுத்தேன், அதாவது குளோன் செய்தேன், கேஷும் டிக்குகளும் கூடவே வந்துவிட்டன. ஒரே தடங்கல், சி-க்குப் பின்னால் ரெகவரி பார்ட்டிஷன் குறுக்கே உட்கார்ந்திருந்ததால் சி-யை நீட்ட விடவில்லை. குளோன் செய்கிற மென்பொருளிலேயே அந்தப் பார்ட்டிஷனைக் கடைசிக்குத் தள்ளிவிட்டால் நீளும்.

ஏற்கெனவே நகர்த்தியிருந்த லேப்டாப்புக்கு முதலில் திரும்பி வர வேண்டும். கேடியை அழுத்தி மாட்டி டி வருவதை உறுதி செய்து, ஆபீஸ் கேபிளில் முழு சின்க். பிறகு கேஷ்லொகேஷன் மதிப்பை அழித்து, ஃபார்மட்டேட்டாபேஸ் 1 வைத்து, ரீஸ்டார்ட். கேஷ் சி-யில் காலியாகத் தொடங்கியதும் டிக் போடாமல் குளோன் செய்தேன், புது எஸ்எஸ்டியில் எழுந்த பிறகு டிக் போட்டு ராத்திரி விட்டேன். டி-யில் மிச்சமிருந்த பழைய சிஎஸ்சியை ஒரு வாரம் அப்படியே வைத்திருந்து, யாரும் எதையும் காணோம் என்று சொல்லாததால் உரிமை எடுத்து அழித்தேன். ரிப்பேர் கடை ஃபார்மட் பண்ணிய லேப்டாப்பில் கேஷ் ஏற்கெனவே சி-க்கு வந்திருந்தது, அதற்குக் குளோன் மட்டும்தான். கேடிகளைக் கழற்றிவிட்டோம், லேப்டாப்பும் இலேசானது.

இப்போது ஏழெட்டு மாதம் ஆகிறது. ஒரே ஒரு புகார் வந்தது, ஷேர் ஆஃப்லைன் ஸ்லோ கனெக்‌ஷன் என்று காட்டுகிறது என்று. அது கேஷ் கோளாறு இல்லை. விண்டோஸ் 8-இலிருந்து சர்வர் பதில் சொல்ல 35 மில்லி செகண்டுக்கு மேல் ஆனால் விண்டோஸ் தானாகவே நகலுக்கு மாறிக்கொள்ளும். பையன் வைஃபையில் இருந்தான், கேபிளைச் சொருகச் சொன்னேன், தீர்ந்தது. ரைட் கிளிக்கில் ஆஃப்லைன் என்ற வரியே வராவிட்டால் சாம்பாவில் சிஎஸ்சி பாலிசி டிசேபிள் என்று இருக்கிறதா பாருங்கள். அது மேனுவல் என்று இருந்தால் போதும், இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். விண்டோஸ் ஹோம் எடிஷனில் இந்த வசதியே கிடையாது, தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். மற்றபடி என்ன கோளாறு என்றாலும் ஈவென்ட் வியூவரில் ஆஃப்லைன்ஃபைல்ஸ் ஆபரேஷனல் லாகைத் திறந்து பாருங்கள்.

சின்க்திங் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஒரு லேப்டாப்பில் இரண்டு மாதம்தான் ஓட்டினேன். அதில் எனக்குப் பிடித்தது, நகல் என்பது சாதாரண ஃபோல்டர், எந்த டிரைவில் வேண்டுமானாலும் வைக்கலாம், சிஸ்டத்திடம் உரிமை கெஞ்ச வேண்டியதில்லை. அந்த டிரைவ் காணாமல் போனால் ஃபோல்டருக்குள் இருக்கிற அடையாளக் குறியைக் காணோம் என்று சின்க்கை நிறுத்திவிடும், சர்வர் பக்கம் எதையும் அழிக்காது. ஹோம் எடிஷனிலும் ஓடும். ஆனால் ஒரே எக்செல்லை இருவர் திருத்தினால் சின்க் சென்டர் மாதிரி எதை வைப்பது என்று கேட்காது, சின்க்-கான்ஃப்ளிக்ட் என்று பெயரில் போட்டு இன்னொரு ஃபைலைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடும். எங்கள் பசங்க அதைப் பார்க்கவே இல்லை, ஒரு கன்டெய்னரின் டெலிவரி ஆர்டர் தேதி பழையபடி இருந்துவிட்டது. ஒரு ஃபோல்டரை ஒருவரே தொடுகிற இடத்தில் அது நன்றாக ஓடும் என்று நினைக்கிறேன்.

நான்காவது லேப்டாப்பில் மட்டும் கேஷை டி-யில்தான் வைத்திருக்கிறேன். அதன் சி என்பது மதர்போர்டிலேயே பதிந்த 64 ஜிபி, மாற்ற வழியே இல்லை. டி-யில் இருந்த ஹார்டு டிஸ்குக்குப் பதில், திருகு போட்டு இறுக்குகிற அதன் சொந்த இடத்தில் ஒரு எஸ்எஸ்டி மாட்டினேன். மூடியின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர்: "கேஷ் டி டிரைவில் உள்ளது. சிஎஸ்சி ஃபோல்டரை அழிக்காதீர்கள், முதலில் ஆபீஸுக்கு போன் செய்யவும்." ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த லேப்டாப்பின் கேபிளைப் பிடுங்கிவிட்டு நான்கைந்து ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறேன்.