மூட்டை ஏற்றிய பிறகு ஹிமாலயன் 450

நெடும்பயணத்துக்கு வண்டி தேடுகிறவர்கள் ஷோரூமில் நிற்கிற வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். பயணம் போகப்போவது அந்த வண்டி அல்ல. இருபுறமும் பை, பின்னால் கூடாரம், தண்ணீர், கருவிகள், உதிரிகள் என்று 30, 40 கிலோ ஏறிய வண்டி அது. அதன் திருப்பம் வேறு, பிரேக் வேறு, சாய்ந்தால் தாங்கிப் பிடிக்கத் தேவைப்படும் பலமும் வேறு. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-ஐ இங்கே அப்படி மூட்டை ஏறிய வண்டியாகவே எடைபோடுகிறோம்.

முதலில் எடை, ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. டேங்க் 90 சதவீதம் நிரம்பிய நிலையில் இந்த வண்டி 196 கிலோ. யமஹா டெனரே 700 ஏறத்தாழ 205 கிலோ, பி.எம்.டபிள்யூ. ஆர் 1300 ஜி.எஸ். 237 கிலோ. அந்த ஜி.எஸ்.ஸின் 145 குதிரைத்திறன் நெடுஞ்சாலையில் பேரின்பம், மறுப்பதற்கில்லை. ஆனால் மணலில் முன்சக்கரம் புதைந்து வண்டி படுத்துவிட்டால் உதவுவது குதிரைத்திறன் அல்ல. மூட்டையோடு 280 கிலோவைத் தனியாளாக ஒரு நாளில் மூன்று முறை நிமிர்த்தினால் நான்காவது முறை முதுகு போய்விடும். தனியாகப் போகிறவர் ஒருவர் கையால் தூக்கக்கூடிய வண்டியைத்தான் வாங்க வேண்டும். இந்தக் கணக்கில் ஹிமாலயன் 450 வரம்புக்குள் நிற்கிறது, ஆனால் வரம்பின் விளிம்பில். அதன் வகுப்புக்கு இது இலேசான வண்டி அல்ல.

2023 நவம்பரில் வந்த இந்த மாடலின் எஞ்சின் முற்றிலும் புதியது. 452 சி.சி., ஒற்றை சிலிண்டர், கூலன்ட் குளிர்விப்பு, ஆறு கியர். 8000 ஆர்.பி.எம்.மில் 40 குதிரைத்திறன், 5500-இல் 40 நியூட்டன் மீட்டர் இழுவை. 2016-இல் வந்த பழைய 411 சி.சி. ஹிமாலயனுக்கு 24 சொச்சம் குதிரைத்திறனும் 32 நியூட்டன் மீட்டரும்தான். இந்த வித்தியாசம் தாளில் பெரிதாகத் தெரியும். உயரத்தில் அது வேறு மாதிரி தெரியும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டர் ஏறும்போதெல்லாம் பத்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகத் திறனை இழக்கும். 5000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம்தான். அங்கே இந்த 40 ஏறக்குறைய 24 ஆகிவிடும். பழைய வண்டி கடல்மட்டத்தில் கொடுத்ததை இந்த வண்டி 5000 மீட்டரில் கொடுக்கிறது. மலைப்பயணத்துக்கு இதைவிடத் தெளிவான நியாயம் வேண்டாம்.

ஆனால் பழைய வண்டியின் ஒரு குணம் தொலைந்துபோனது. 411-ஐ டீசல் வண்டி போல 2000 ஆர்.பி.எம்.மில் தடதடவென்று கல்லின் மேல் ஏற்றலாம். 450-இல் 3000-க்குக் கீழே இழுவை மெலிகிறது. மூட்டையோடு செங்குத்தான கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் நுழைந்தால் திணறி அணைந்துவிடும் வாய்ப்பு உண்டு. முதல் கியருக்கு முன்கூட்டியே இறங்குங்கள், ஹாஃப் கிளட்ச்சில் நீண்ட நேரம் தொங்காதீர்கள். ஏற்றத்தில் கிளட்ச் தகடு கருகும் வாடை வந்தால் உடனே நிறுத்திப் பத்து நிமிடம் ஆறவிடுவதே ஒரே வைத்தியம். கரடுமுரடான ஏற்றமே பயணத்தின் பெரும்பகுதி என்றால் முன் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது செயின் ஓடும் பற்சக்கரத்தில், ஒரு பல் குறைப்பது பலன் தரும். அதற்கு விலையாக நெடுஞ்சாலையில் எஞ்சின் கூடுதலாகச் சுழலும்.

நெடுஞ்சாலையில் மணிக்கு 100, 110 கி.மீ. வேகத்தில் நாள் முழுக்க ஓடும். 120-க்கு மேல் கைப்பிடியிலும் கால்தாங்கியிலும் அதிர்வு ஏறும்; ஒற்றை சிலிண்டரில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். காற்றுத்தடுப்புக் கண்ணாடி குட்டை. உயரமானவர்களுக்குக் காற்று நேராக ஹெல்மெட்டில் மோதும், மாலையில் கழுத்து வலிக்கும். குரூஸ் கண்ட்ரோல் கிடையாது. சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோலும் கிடையாது. இந்தத் திறனுக்கு அது இல்லாதது குறையாகவே படவில்லை.

டேங்க் 17 லிட்டர். லிட்டருக்கு 28 கி.மீ. என்றால் 476 கி.மீ. வருகிறது. அந்த எண்ணை நம்பித் திட்டம் போடாதீர்கள். எதிர்க்காற்று, மணல், முதல் கியர் ஏற்றம் எல்லாம் சேர்ந்தால் மைலேஜ் 20-க்குப் பக்கத்தில் வந்துவிடும். அப்போது கையில் இருப்பது 340 தான். இரண்டு பெட்ரோல் பங்க்குகளுக்கு இடையே 300 கி.மீ. வரை கூடுதல் கேன் இல்லாமல் போகலாம். அதற்கு மேல் என்றால் 5 லிட்டர் கேன் ஒன்று, அதுவும் தாழ்வாக, முன்பக்கமாகக் கட்டப்பட்டதாக. கம்ப்ரெஷன் விகிதம் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அளவு) 11.5:1 என்பதால் தரம் குறைந்த பெட்ரோல் போட்டால் ஏற்றத்தில் 'டக் டக்' என்று தட்டும் ஓசை கேட்கும். அந்த நேரத்தில் த்ராட்டிலை முறுக்கி ஏற்றாமல் ஒரு கியர் இறக்கி, எஞ்சின் மேல் விழும் சுமையைக் குறைத்து ஓட்டுங்கள். நல்ல பெட்ரோல் கிடைத்ததும் டேங்கை நிரப்பிக் கலந்துவிடுங்கள்.

இனி சஸ்பென்ஷன். இந்த வண்டியின் உண்மையான பலமும், மூட்டை ஏற்றியதும் வெளிப்படும் பலவீனமும் இங்கேதான். முன்னால் ஷோவாவின் 43 மி.மீ. தலைகீழ் ஃபோர்க், பின்னால் லிங்க்கேஜோடு மோனோஷாக், இரண்டுக்கும் 200 மி.மீ. அசைவு, தரையிலிருந்து 230 மி.மீ. இடைவெளி. ஆள் மட்டும் ஏறிய நிலையில் குழிகளை விழுங்கிக்கொண்டு போகும். ஆனால் ஃபோர்க்கில் திருகிச் சரிசெய்ய எதுவும் இல்லை. பின்னால் ப்ரீலோடு (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்திவைக்கும் அளவு) மட்டும்தான். ஆகவே அந்த ஒன்றையாவது சரியாக வைக்க வேண்டும், பெரும்பாலானவர்கள் வைப்பதில்லை.

சுமையில் பின்பக்கம் எவ்வளவு அமிழ்கிறது என்று அளக்கும் முறை இது. பின்சக்கரம் தொங்கும்படி வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஆக்ஸிலின் நடுவிலிருந்து நேர் மேலே சட்டத்தில் ஒரு புள்ளி வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முழு மூட்டையையும் ஏற்றி, ஹெல்மெட், பூட்ஸ் சகிதம் உட்கார்ந்து, இன்னொருவரை அதே இடத்தை அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் மொத்த அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது 60 முதல் 65 மி.மீ. இருக்க வேண்டும். அதிகம் அமிழ்ந்தால் ப்ரீலோடைக் கூட்டுங்கள். கூட்டிச் சரியான அளவு வந்தபின், ஆள் இறங்கி மூட்டையோடு மட்டும் நிற்கும்போது 10 மி.மீ.கூட அமிழவில்லை என்றால் ஸ்பிரிங் உங்கள் சுமைக்கு மென்மையானது. கெட்டியான ஸ்பிரிங் மாற்றாமல் தீர்வு இல்லை. இதைக் கவனிக்காமல் கிளம்பினால் என்ன ஆகும்? பின்பக்கம் தாழும், முன்சக்கரம் இலேசாகும், சரளையில் ஹேண்டில் சொன்ன பேச்சு கேட்காது, இரவில் ஹெட்லைட் மரத்தைக் காட்டும். இன்னொன்று பலருக்குத் தோன்றுவதே இல்லை: பின்பக்கம் தாழ்ந்தால் சைடு ஸ்டாண்டு நீளமாகிவிட்டதற்குச் சமம். வண்டி போதுமான சாய்வில்லாமல் நிமிர்ந்து நிற்கும், சின்னக் காற்றுக்கே மறுபக்கம் விழும்.

மூட்டையைப் பற்றி ஒரு தீர்மானமான கருத்து: இந்த வண்டிக்கு அலுமினியப் பெட்டி வேண்டாம். இரண்டு பெட்டியும் தாங்கியும் காலியாகவே 12 முதல் 15 கிலோ வரும், துணிப்பை இருந்தால் அதில் பாதிகூட இல்லை. அதைவிட முக்கியம் கால். மணலில் தடுமாறும்போது கால் தானாக ஊன்றப்போகும்; பெட்டியின் முனை கெண்டைக்காலில் மோதி, வண்டியோடு சேர்த்து மடக்கிவிடும். துணிப்பை நசுங்கிக்கொடுக்கும். கனமானவை கீழேயும் முன்னேயும்: கருவி, ட்யூப், தண்ணீர். பின்சக்கர ஆக்ஸிலுக்குப் பின்னால் உடுப்பும் படுக்கையும் மட்டும். துணிப்பையைச் சைலென்சர் பக்கம் கட்டினால் வெப்பத்தகடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

சக்கரம் முன்னால் 21, பின்னால் 17 அங்குலம். 2020-இல் வந்த கே.டி.எம். 390 அட்வென்ச்சரின் 19 அங்குல அலாய் சக்கரத்தோடு ஒப்பிட்டால், 21 அங்குலம் பாறை விளிம்பில் மோதாமல் ஏறும். ஸ்போக் வளைந்து கொடுக்கும், அலாய் விரிசல் விடும். முதலில் வந்த வண்டிகளில் ட்யூப்தான். ட்யூப்லெஸ் ஸ்போக் சக்கரம் பிறகு வந்தது. வாங்கும்போது அது கிடைக்குமானால் யோசிக்காமல் எடுங்கள். முள் குத்தினால் ரப்பர் திரி செருகி, காற்றடித்து, பத்து நிமிடத்தில் கிளம்பலாம். அப்படியும் ஒரு 21 அங்குல ட்யூபைக் கையில் வையுங்கள். டயரின் பக்கச்சுவர் கிழிந்தாலோ ரிம் நசுங்கிக் காற்று கசிந்தாலோ திரி உதவாது, ட்யூப்தான் ஊர் சேர்க்கும். அவசரத்துக்கு 21 அங்குல ட்யூபைப் பின்சக்கரத்திலும் திணித்து மெதுவாக ஓட்டலாம். பின் ட்யூபை முன்சக்கரத்தில் போட முடியாது.

ட்யூப் சக்கரம் என்றால் கிளம்பும் முன்பு வீட்டிலேயே ஒரு முறை கழற்றி மாட்டிப் பாருங்கள், பயணத்தில் கொண்டுபோகும் கருவிகளை மட்டும் வைத்து. ஆக்ஸில் நட்டுக்கான ஸ்பேனர் பையில் இல்லை என்பது அப்போதுதான் தெரியும். பின்சக்கரத்தை எப்படித் தூக்கி நிறுத்துவது என்பதும் அப்போதுதான் தெரியும். டயரைக் கழற்றும்போது லீவர் போடும் இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தை முழங்காலால் ரிம்மின் பள்ளத்துக்குள் அழுத்திவையுங்கள். அங்கே கிடைக்கும் தளர்வுதான் இங்கே டயரை வெளியே விடும். பலம் போட வேண்டியிருந்தால் எதிர்ப்பக்கம் பள்ளத்தில் இல்லை என்று பொருள். லீவரின் ஒவ்வொரு கடியும் 5 செ.மீ. போதும். முள்ளைத் தேடும்போது விரலை விடாமல் துணியை டயருக்குள் சுற்றி இழுங்கள், மாட்டிக்கொள்ளும் இடத்தில் முள் இருக்கும். புது ட்யூபில் முறுக்கு விழாதபடி சிறிது காற்று ஏற்றி உள்ளே வையுங்கள். கடைசி 20 செ.மீ.-இல்தான் லீவர் ட்யூபைக் கடித்து இரண்டாவது பஞ்சரை உண்டாக்கும், அங்கே அவசரம் கூடாது. வால்வு நட்டை ரிம்மோடு இறுக்காமல் மேலே மூடியோடு சேர்த்து விடுங்கள். டயர் ரிம்மில் நழுவினால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும். இறுக்கியிருந்தால் வேரோடு பிய்ந்துவிடும்.

காற்றழுத்தம் வண்டியில் ஒட்டியுள்ள தாளில் இருப்பது தார்ச்சாலைக்கு. ஆழ மணலில் 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம். கல் நிறைந்த பாதையில் அப்படி இறக்கினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்தது போல இரட்டைத் துளை விழும். தார் திரும்பியதும் மறுபடி ஏற்ற ஒரு பம்ப் வேண்டும்.

செயினை 500 கி.மீ.க்கு ஒரு முறை துடைத்து எண்ணெய் இடுங்கள், மழையிலும் புழுதியிலும் ஓடினால் அன்றன்றைக்கே. தளர்வு பார்ப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு: சஸ்பென்ஷன் இவ்வளவு நீளமாக அசையும் வண்டியில், முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) திரும்பும் மையம், பின் ஆக்ஸில் மூன்றும் நேர்கோட்டில் வரும்போது செயின் மிக இறுகும். காலி வண்டியில் 'அழகாக' இறுக்கிவைத்த செயின், மூட்டையோடு குழியில் இறங்கும்போது கியர்பாக்ஸ் பேரிங்கை இழுக்கும். இறுக்கமும் தளர்வும் சந்தேகமாக இருந்தால் தளர்வின் பக்கமே நில்லுங்கள்.

கூலன்ட் வந்ததால் பழைய வண்டியில் இல்லாத ஒரு கவலையும் சேர்ந்தே வந்தது. ரேடியேட்டரில் கல் பட்டால் பயணம் அங்கேயே நிற்கும். வலைக்காப்பு கட்டாயம், அதில் சேறு அடைத்தால் கழுவுவதும் கட்டாயம். முன்னால் போகிற வண்டியோடு இடைவெளி விடுவது அதைவிட மலிவான காப்பு.

பிரேக்கில் குறையில்லை. முன்னால் 320, பின்னால் 270 மி.மீ. டிஸ்க். பின்சக்கர ஏபிஎஸ்-ஐ மட்டும் அணைக்கலாம், சரளை இறக்கத்தில் அதன் அருமை தெரியும். சேற்றுநீரில் ஓடிய நாட்களில் பிரேக் பேடு நம்ப முடியாத வேகத்தில் தேயும். ஒரு ஜோடி கையில் இருக்கட்டும். வட்டத் திரையில் கூகுள் வரைபடம் தெரிவது பார்க்க அழகு. ஆனால் அது கைபேசியை நம்பி ஓடுகிறது. கைபேசி சூடேறும், சார்ஜ் கரையும். இணையம் இல்லாமல் இயங்கும் வரைபடம் ஒன்றைத் தனியாக வையுங்கள். த்ராட்டிலுக்கு கேபிள் இல்லை, எல்லாம் மின்சாரம். சாலையோரத்தில் கம்பி கட்டிச் சமாளிக்கிற வண்டி அல்ல இது. கிளட்ச் கேபிள் உண்டு. மாற்றுக் கேபிளைப் பழையதோடு சேர்த்தே ஓடவிட்டுக் கட்டிவைத்தால், அறுந்த இடத்தில் ஐந்து நிமிட வேலை.

சீட் உயரம் 825 அல்லது 845 மி.மீ., குட்டை சீட் போட்டால் 805. கால் எட்டுகிறதா என்று மட்டும் பார்த்துக் குட்டையை எடுத்தால், முட்டி மடங்கி 300 கி.மீ.யில் வலிக்கத் தொடங்கும். ஒரு காலின் முன்பாதம் ஊன்றினாலே போதும் என்கிறவர்கள் 845-லேயே வையுங்கள்.

துணையோடும் முழு மூட்டையோடும் 120-க்கு மேல் நாள் முழுக்க ஓட விரும்புகிறவர்கள் இரட்டை சிலிண்டர் வண்டி பார்ப்பது நல்லது. இந்த எஞ்சின் அதற்கு மூச்சு வாங்கும். தனியாக, துணிப்பை இரண்டோடு, பாதி தார் பாதி மண் என்று ஆயிரக்கணக்கான கி.மீ. போகிறவருக்கு இதை வாங்கச் சொல்லத் தயக்கமில்லை. செலவு வரிசையில் முதலில் ட்யூப்லெஸ் சக்கரம், பிறகு க்ராஷ் கார்டும் ரேடியேட்டர் வலையும், பிறகு தேவையானால் பின் ஸ்பிரிங். சத்தமான சைலென்சருக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. எல்லாம் மாட்டியதும், பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பாக, முழு மூட்டையோடு 300 கி.மீ. ஓட்டிவந்து ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள். புதிதாக மாட்டிய தாங்கிகளின் போல்ட்டுகள் அந்த முதல் 300-லேயே தளரும். போல்ட் தளராமல் பிடிக்கும் பசையான திரெட் லாக், நடுத்தர வலுவுள்ளது, ஒரு சொட்டு விட்டு முடுக்கினால் பிறகு நிற்கும்.