ஹெட்டை இறக்கும் முன் நோயைக் கண்டறியும் பட்டறை: காட்பாடிப் பக்கத்து டீசல் மெக்கானிக் ஒருவரின் வேலை பற்றி

காட்பாடியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், பெயர்ப் பலகையின் எழுத்துகள் வெயிலில் வெளுத்துப்போன நிலையில் இயங்கிவரும் சிறிய டீசல் பட்டறை இது. வசதிகளை வைத்து மதிப்பிட்டால் இதற்குச் சுமாரான இடமே கிடைக்கும். ஆனால் பழைய லாரியில் ரேடியேட்டர் தண்ணீர் காரணம் தெரியாமல் குறையும்போது, கோளாறு ஹெட் கேஸ்கெட்டில்தானா (என்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் அதன் கீழ்ப்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு அது) என்று சோதித்துச் சொல்வதில், வேலூர் வட்டாரத்தில் நான் வண்டி விட்ட பட்டறைகளில் இதற்கு நிகராக ஒன்றைக் கண்டதில்லை.

எங்கள் வண்டி ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின் கொண்ட, ஏர் பிரேக் உள்ள பழைய ஆறு சக்கர லாரி. ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் இடையே தோல் ஏற்றிச் செல்வதுதான் அதன் அன்றாடப் பணி. சமவெளியில் ஒழுங்காக ஓடிய வண்டி, பாரத்துடன் மேடு ஏறியவுடன் வெப்பமானியின் முள்ளைச் சிவப்புக்குக் கொண்டுபோய், மிகைநீர்க் குழாய் வழியாகத் தண்ணீரை வெளியே தள்ளியது. முதலில் காட்டிய பட்டறையில் (அதன் பெயர் இங்கே தேவையில்லை) எந்தச் சோதனையும் செய்யாமல் ஹெட்டை இறக்கி, புதுக் கேஸ்கெட் போட்டு, தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வான பழைய தெர்மோஸ்டாட்டையும் கழற்றி எறிந்துவிட்டு வண்டியைக் கொடுத்தார்கள். கோடை தொடங்கியதும் அதே கோளாறு திரும்பியது. அதன் பிறகுதான், லாரி உரிமையாளரான நண்பர் ஒருவரின் பரிந்துரையில் இந்தப் பட்டறைக்கு வந்தோம்.

பட்டறை உரிமையாளரை எல்லோரும் பாய் என்றே அழைக்கிறார்கள். வண்டி வந்தவுடன் ஸ்பானரை எடுக்காமல், தண்ணீர் எப்போது குறைகிறது, ஓடும்போதா நிறுத்திய பிறகா, காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு சிலிண்டர் தட்டுகிறதா, புகை எந்த நிறம் என்று டிரைவரிடம் நெடுநேரம் விசாரித்தார். வண்டியை இரவு அங்கேயே விட்டுச் செல்லவும் சொன்னார். அதற்கான காரணம் மறுநாள் காலை புரிந்தது. முழுவதும் குளிர்ந்திருந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடங்களுக்குள், தண்ணீர் சூடாவதற்கு முன்பே, ரேடியேட்டரின் மேல் குழாய் கைக்குக் கல்லாக இறுகியது. வெப்பத்தால் எழும் அழுத்தத்திற்கு அவ்வளவு விரைவில் வாய்ப்பில்லை. ஆகவே எங்கிருந்தோ வாயு உள்ளே புகுகிறது என்பதற்கு இதுவே முதல் சான்று. டீசல் என்ஜினில் அமுக்க நேரத்திலேயே சிலிண்டருக்குள் ஏறத்தாழ 25 முதல் 30 பார் அழுத்தம் எழுகிறது. ரேடியேட்டர் மூடியோ 1 பாருக்கு உட்பட்ட அழுத்தத்திலேயே திறந்துகொள்வது. கேஸ்கெட்டில் மயிரிழை அளவு வழி கிடைத்தாலும் வாயு தண்ணீருக்குள் பாயும். என்ஜின் நின்று குளிரும் வேளையில் அதே வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் கசியும். காலை முதல் ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகையும் ஒரு சிலிண்டர் தட்டலும் வருவது அதனால்தான்.

அடுத்து வந்தது நீல நிறத் திரவம் கொண்ட சோதனைக் குழாய். ரேடியேட்டர் வாயில் இதைப் பொருத்தி, மேலுள்ள ரப்பர் குமிழை அழுத்தி அழுத்தி, தண்ணீருக்கு மேல் நிற்கும் காற்றைத் திரவத்தின் ஊடாக இழுக்கிறார்கள்; கரியமில வாயு இருந்தால் திரவம் பச்சையாகி மஞ்சளாகிறது. இந்தக் கருவியை இன்று இணையத்தில் யாரும் வாங்கலாம். பயன்படுத்தும் ஒழுங்கில்தான் வேறுபாடு. பாய் முதலில் ரேடியேட்டரில் தண்ணீரைச் சற்றுக் குறைத்தார், ஏனெனில் ஒரு மிடறு கூலண்ட் குழாய்க்குள் ஏறிவிட்டால் சோதனை வீணாகும். பிறகு திரவத்தில் சிறிதளவு தனியே எடுத்து, அதில் தம் மூச்சை ஊதி நிறம் மாறுகிறதா என்று பார்த்தார். மூச்சுக்கு மாறாத திரவம் என்ஜினுக்கும் மாறாது. டீசல் என்ஜின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது ஓடும் மெதுவேகத்தில்) தேவைக்கு மிகுதியான காற்றோடு எரிவதால் அதன் புகையில் கரியமில வாயுவின் பங்கு பெட்ரோல் என்ஜினைவிட மிகக் குறைவு. ஆகவே ஐடிலில் நிறம் மாறவில்லை என்பதற்காகக் கேஸ்கெட் நலம் என்று முடிவுகட்டாமல், வேகத்தைக் கூட்டி மீண்டும் சோதித்தார். எங்கள் வண்டியில் ஐடிலில் மங்கலான பச்சையும், வேகத்தைக் கூட்டியபோது தெளிவான மஞ்சளும் தெரிந்தன.

இத்துடன் ஹெட்டை இறக்கியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் நிறுத்தவில்லை. ஏர் பிரேக் வண்டிகளில் காற்றுக் கம்ப்ரசரின் ஹெட்டும் என்ஜின் தண்ணீராலேயே குளிரும் அமைப்பு உண்டு. அந்தச் சிறிய ஹெட்டின் கேஸ்கெட் கிழிந்தாலும் ரேடியேட்டரில் இதே குமிழிகள் வரும், குழாயும் இதேபோல் இறுகும். கம்ப்ரசர் தள்ளுவது வெறும் காற்று என்பதால் திரவம் நிறம் மாறாது என்பது உண்மைதான் என்றாலும், இரண்டும் ஒருசேரக் கெட்டிருந்தால் ஒன்றைச் சரிசெய்த பின் மற்றொன்று மிஞ்சும். எனவே கம்ப்ரசருக்குச் செல்லும் தண்ணீர்க் குழாய்களை விலக்கி, இரு முனைகளையும் நேரடியாக இணைத்து மீண்டும் ஓட்டிப் பார்த்தார். குமிழிகள் குறையவில்லை, கம்ப்ரசர் நிரபராதி என்று ஆயிற்று. முந்தைய பட்டறையில் இந்தப் பேச்சே எழவில்லை.

எந்தச் சிலிண்டர் என்று அறியச் செய்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய இன்ஜெக்டர் ஒன்றின் உடலை லேத்தில் குடைந்து, அதில் காற்றுக் குழாய் மாட்டும்படி அவரே ஒரு இணைப்பான் செய்து வைத்திருக்கிறார். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரில் நிறுத்தி, ஒவ்வொரு பிஸ்டனையும் இரு வால்வுகளும் மூடிய மேல்நிலைக்குக் கொண்டுவந்து, இன்ஜெக்டர் இருந்த துளை வழியே காற்றைச் செலுத்துகிறார். சைலன்சரில் சீறல் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல். ஐந்தாவது சிலிண்டரில் காற்றைத் திறந்தவுடன் ரேடியேட்டர் வாயில் தண்ணீர் பொங்கியது. கேஸ்கெட்டா விரிசலா என்று கேட்டேன். “அதை இப்போ சொல்ல முடியாது சார், எறக்கினாத்தான் தெரியும். ஆனா எறக்கிட்டா இந்தச் சோதனை எதையும் செய்ய முடியாது. அதனாலதான் இவ்வளவு நேரம்” என்றார்.

ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில், ஆயிலோடு தண்ணீர் கலந்தால் வரும் பால் போன்ற கலங்கல் இல்லாததைக் காட்டி, “அப்போ கேஸ்கெட் நல்லாத்தானே இருக்கு” என்று வாதிட்டார் எங்கள் டிரைவர். பல பேர் நம்பும் அடையாளம் அது. வாயு தண்ணீர்ப் பாதைக்குள் மட்டும் புகும் கசிவில் ஆயில் கடைசிவரை தெளிவாகவே இருக்கும்; கலங்கல் இருந்தாலும் அது ஆயில் கூலரின் கோளாறாகவும் இருக்கலாம்.

ஹெட்டை இறக்கியபோது ஐந்தாவது சிலிண்டரின் வளையத்திலிருந்து பக்கத்துத் தண்ணீர்த் துளை வரை கேஸ்கெட்டில் கருகிய தடம் ஓடியிருந்தது. நேர்க்கோல் வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்ததில் அதே இடத்தில் ஹெட் தாழ்ந்திருந்தது. முன்பு போட்ட கேஸ்கெட் வீணானதற்கு விளக்கம் அதுதான்: மட்டம் பார்க்காத ஹெட்டின் மீது எவ்வளவு நல்ல கேஸ்கெட்டும் நிற்காது. ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்பி, தண்ணீர்த் துளைகளை அடைத்துக் காற்றழுத்தத்துடன் தொட்டியில் மூழ்கடித்து விரிசல் இல்லை என்று உறுதி செய்த பிறகே ஃபேஸ் செய்தார்கள், அதாவது அடிப்பரப்பைச் சீவி மட்டமாக்கினார்கள். ஃபேஸ் செய்ததால் மாறிய இன்ஜெக்டர் நீட்டத்தையும் வால்வு ஆழத்தையும் அளந்தார்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பல கட்டங்களில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினார்கள். புதிய தெர்மோஸ்டாட் போட வேண்டும் என்பதிலும், போர்வெல் தண்ணீர் கூடாது என்பதிலும் பாய் கண்டிப்பாக இருந்தார். பாலாற்றங்கரைத் தோல் தொழில் ஊர்களின் நிலத்தடி நீரில் உள்ள உப்பைச் சுவைத்தவர்கள் அந்தக் கண்டிப்பைத் தவறாக நினைக்க மாட்டார்கள்.

குறைகளும் உண்டு. எந்தச் சோதனையில் என்ன தெரிந்தது என்று எழுத்தில் எதுவும் தருவதில்லை. பில்லில் “ஹெட் வேலை” என்று இரண்டு சொற்கள் மட்டுமே. சோதனைக்கு வாங்கும் கட்டணம் டிரைவரின் ஒரு நாள் பேட்டாவைவிடக் குறைவாக இருக்கும்போது, அதைத் தனியே குறித்துக் காட்டத் தயங்குவானேன் என்று எனக்குப் புரியவில்லை. சந்துக்குள் நீளமான வண்டியைத் திருப்புவது பெரும்பாடு. ஃபோனில் சொன்ன தேதிக்கு வேலை முடிவதில்லை, தாமதத்தைத் தெரிவிப்பதும் இல்லை. அன்றன்றைய வாடகையை நம்பி ஓட்டுபவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

செல்பவர்கள் முதல் நாள் மாலையே வண்டியை விட்டுவிடுவது நல்லது, குளிர்ந்த என்ஜினில்தான் முதல் சோதனை. போகும் வழியில் கசிவு அடைக்கும் பொடி எதையும் ரேடியேட்டரில் கொட்டிவிடாதீர்கள். கொட்டிய வண்டி என்றால் ரேடியேட்டரைக் கழுவும் வரை பாய் தொடுவதில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகல் தொழுகைக்காகப் பட்டறை மூடியிருக்கும்.