இயற்கைக் குறிப்பேடு: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

செடிகொடிகளையும் பறவைகளையும் வரைந்து, பக்கத்திலேயே குறிப்பும் எழுதிவைக்கும் பழக்கத்தைத் தொடங்கி மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன; இப்போது நான்காவது நோட்டில் இருக்கிறேன்.

முதல் நோட்டின் தாள் 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்ற கணக்கு). பென்சிலுக்கு அது போதும். ஆனால் நீர்வண்ணம் பட்டதும் அலையலையாக நெளிந்து, மறுபக்கத்தையும் கெடுத்துவிட்டது. அடுத்து வாங்கிய 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள் நெளியவே இல்லை என்றாலும், கனம் காரணமாக நோட்டு மேசையை விட்டு நகரவில்லை. மரத்தடிக்கு வராத குறிப்பேட்டால் என்ன பயன்? எனவே 200 ஜிஎஸ்எம்மில் வந்து நின்றேன். பேனா விஷயத்தில் சொல்ல ஒன்றுதான் உண்டு: சாய மை ஈரம் பட்டால் கரைந்தோடும், காய்ந்த நிறமி மை கரையாது. மழைக்காலத்தில் ஒரு பூச்சு உலர்வதற்குள் பொறுமை போய்விடுகிறது. கோடையிலோ தூரிகையை எடுப்பதற்குள் வண்ணத்தின் ஓரம் கோடாக உறைந்துவிடுகிறது.

முதல் ஆண்டில் கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தேன். பக்கங்கள் அழகாகத்தான் இருந்தன; ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிட அவற்றில் எதுவும் இல்லை. இரண்டாம் ஆண்டு முதல் ஒரே நாட்டு வாதுமை மரத்தைப் பத்து நாளுக்கு ஒருமுறை, தேதியும் நேரமும் வானிலையும் குறித்து வரையத் தொடங்கிய பிறகே பருவமாற்றம் நோட்டுக்குள் வந்தது. அந்த மரம் ஆண்டுக்கு இருமுறை இலையுதிர்த்ததை, அத்தனை காலம் அதன் கீழே நடந்து போயும் நான் கவனித்ததில்லை. பூங்கதிரை வரைவதற்காகப் பூக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, மேலே இருப்பவை அனைத்தும் ஆண்பூக்கள், காயாகக்கூடியவை அடிப்பகுதியில் உள்ள சில மட்டுமே என்பது தெரிந்தது. கைபேசியில் அதே கதிரைப் பலமுறை படமெடுத்திருக்கிறேன். எண்ணிப் பார்க்கத் தோன்றியதே இல்லை.

குறை என்றால் நேரம்தான். ஒரு பக்கத்துக்கு நாற்பது நிமிடமாவது ஆகிறது. அடைமழை நாள்களில் தேதியும் "மழை, போகவில்லை" என்ற வரியும் மட்டுமே உள்ள பக்கங்கள் என்னிடம் நிறைய உண்டு.

பெரிய ஏமாற்றம் சிவப்பில் நேர்ந்தது. உதிரும் முன் செக்கச்செவேலென்று மாறும் வாதுமை இலையை அலிசரின் கிரிம்சனில் தீட்டி, அந்தப் பக்கத்தைச் சில மாதங்கள் ஜன்னலோரம் திறந்து வைத்திருந்தேன். அந்த நிறமி வெளிச்சத்தில் வெளுக்கக்கூடியது என்பதை நான் அறிந்திருக்கவில்லை. சிவப்பு மங்கி, அடியில் பூசிய மஞ்சள் மட்டும் மிஞ்சியதால், உதிர வேண்டிய இலை இளந்தளிர்போல் ஆகிவிட்டது. இப்போது எளிதில் வெளுக்காத குயினக்ரிடோன் சிவப்பைப் பயன்படுத்துகிறேன். வெளுத்த பக்கத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. அதன் எதிர்ப்பக்கத்தில் அதே மரத்தின் இலையைப் புதிய சிவப்பில் வரைந்து, இரண்டுக்கும் தேதியிட்டு, நோட்டை அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.