சி++ பக்கமிருந்து லுவாவுக்கு ஸ்ட்ரிங் கடத்தி ஆறு ஆண்டுகள்

என் சி++ நிரலுக்குள் லுவா என்ற ஸ்கிரிப்ட் மொழியை உட்கார வைத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதன் 5.3 பதிப்பில் தொடங்கினேன், இப்போது 5.4. ஆவணத்தின் தலைப்பு, அடிக்குறிப்பு, படம் எல்லாம் எங்கே எப்படி வர வேண்டும் என்பதைப் பயனரே சின்ன ஸ்கிரிப்ட்டாக எழுதிக்கொள்ளலாம். எண், பூலியன் எல்லாம் முதல் வாரத்திலேயே அடங்கிவிட்டன. எழுத்துகளின் (லுவாவுக்கு பைட்டுகளின்) வரிசையான ஸ்ட்ரிங் மட்டும் இன்னும் அவ்வப்போது வேலை வைக்கிறது.

முதல் அடி படத்தில் விழுந்தது. பிஎன்ஜி கோப்பை நினைவகத்தில் ஏற்றி ஸ்ட்ரிங்கை லுவாவுக்குத் தள்ளும் லுவா_புஷ்ஸ்ட்ரிங் ஃபங்ஷன் வழியாக அனுப்பினேன். எந்தப் படத்தை அனுப்பினாலும் அந்தப் பக்கம் நீளம் 8 என்றே வந்தது. பிஎன்ஜியின் அடையாளக் குறி 8 பைட்; அதை அடுத்து வரும் பைட் பூஜ்ஜியம். புஷ்ஸ்ட்ரிங் சி மொழியின் மரபுப்படி பூஜ்ஜியத்தைக் கண்டதும் நின்றுவிடும். லுவாவின் ஸ்ட்ரிங்கோ தன் நீளத்தைத் தானே வைத்திருப்பது. நடுவில் எத்தனை பூஜ்ஜியம் வந்தாலும் அதற்குக் கவலையில்லை. நீளத்தையும் கேட்டு வாங்கும் லுவா_புஷ்எல்ஸ்ட்ரிங்குக்கு மாறினேன், தீர்ந்தது.

எதிர்த் திசைதான் தூக்கத்தைக் கெடுத்தது. லுவாவிலிருந்து ஸ்ட்ரிங்கை வாங்கும் லுவா_டுஎல்ஸ்ட்ரிங் கொடுப்பது நகல் அல்ல, லுவாவின் சொந்த நினைவகத்தைக் காட்டும் பாய்ன்டர், அதாவது வெறும் முகவரி. இரு பக்கமும் மதிப்புகளைக் கைமாற்றும் அடுக்கான ஸ்டாக்கிலோ லுவாவின் ஏதாவது டேபிளிலோ அந்த ஸ்ட்ரிங் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். நான் நகலெடுக்கும் செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை, நகலெடுக்காமல் சுட்டிக்காட்ட மட்டும் செய்யும் ஸ்ட்ரிங்_வியூவாகச் சேமித்து வைத்தேன். சோதனைகள் எல்லாம் தேறின. ஏனென்றால் என் சோதனை ஸ்கிரிப்ட்டுகளில் இருந்தவை நேரடியாக எழுதிய சொற்கள். ஃபங்ஷன் இருக்கும்வரை அவையும் இருக்கும். பயனர் ஒருவர் இரண்டு சொற்களை ஒட்டி ஒரு தலைப்பைத் திருப்பி அனுப்பினார். ஸ்டாக்கிலிருந்து எடுத்ததும் அதற்கு ஆதரவு யாருமில்லை. யாரும் பயன்படுத்தாத நினைவகத்தை மீட்கும் கார்பேஜ் கலெக்டர் வந்து கூட்டிவிட்டுப் போனது, தலைப்பில் குப்பை எழுத்து. அதுவும் எப்போதாவது ஒருமுறை! இப்போது கையில் வந்த உடனே ஒரு ஸ்ட்ரிங்காக நகலெடுத்துவிடுகிறேன். நேரம் எங்கே செலவாகிறது என்று காட்டும் ப்ரொஃபைலரில் அந்த நகல் ஒருநாளும் மேலே வந்ததில்லை.

இதே லுவா_டுஎல்ஸ்ட்ரிங்குக்கு இன்னொரு குசும்பு உண்டு. எண்ணைக் கொடுத்தால் ஸ்டாக்கில் இருக்கும் அந்த எண்ணையே ஸ்ட்ரிங்காக மாற்றிவிடும். டேபிளின் உறுப்புகளை லுவா_நெக்ஸ்ட் வைத்து ஒவ்வொன்றாகச் சுற்றும்போது உறுப்பின் சாவி (கீ) மீது இதைக் கூப்பிட்டால் 1 என்பது "1" ஆகி, அடுத்த சுற்றே பிழையோடு நின்றுவிடும். சாவியை முதலில் லுவா_புஷ்வேல்யூவால் நகலெடுத்து, நகலை மாற்ற வேண்டும். கையேட்டில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். நான்தான் அடிபட்ட பிறகு படித்தேன்.

எழுத்துகளை பைட்டுகளாகக் குறிக்கும் முறையான என்கோடிங் பற்றி லுவாவுக்கு அபிப்பிராயமே கிடையாது, அதற்கு எல்லாம் பைட்தான். இது எனக்குப் பிடித்த குணம், ஆனால் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். "தமிழ்" என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து. யுடிஎஃப்-8 என்கோடிங்கில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், ஆக நீளம் கேட்டால் 15. 5.3இல் வந்த யுடிஎஃப்8 நூலகம் 5 என்கிறது. இகரக் கொம்பும் புள்ளியும் அதற்குத் தனித்தனி. தலைப்பை முதல் 10 பைட்டோடு வெட்டும் ஸ்கிரிப்ட் ஒன்று, மூன்று குறியீட்டோடு நாலாவதின் ஒரு பைட்டையும் சேர்த்துக் கொண்டுவந்து தந்தது. லுவா முணுமுணுக்கவில்லை, என் ஜேசன் நூலகம்தான் அலறியது. அப்புறம் எல்லையில் நானே யுடிஎஃப்-8 சரியா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறேன். எழுத்தாக வெட்டுவதற்கு சி++ பக்கமிருந்து தனி ஃபங்ஷன் கொடுத்திருக்கிறேன்.

சி++ காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வந்தது ஸ்ட்ரிங்தானா என்று பார்க்கும் லுவாஎல்_செக்எல்ஸ்ட்ரிங், தவறான வகையைக் கண்டால் சி மொழியின் லாங்ஜம்ப் போட்டு ஃபங்ஷனைவிட்டே தாவிவிடும். நடுவில் உருவாக்கிய ஸ்ட்ரிங்குகளின் நினைவகத்தை விடுவிக்கும் டிஸ்ட்ரக்டர் ஓடும் என்று நம்ப முடியாது. லுவாவையே சி++ ஆகக் கம்பைல் செய்தால் அந்தத் தாவல், டிஸ்ட்ரக்டர்களை ஓட்டிவிட்டே வெளியேறும் எக்ஸெப்ஷனாக மாறிவிடுகிறது. இரண்டாம் ஆண்டிலிருந்து அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

விண்டோஸில் கோப்புப் பெயர்தான் இன்னும் உறுத்தல். கோப்பைத் திறக்கும் லுவாவின் ஐஓ.ஓபன் யுடிஎஃப்-8 பாதையை அப்படியே சி நூலகத்திடம் தள்ளிவிடுகிறது, அது கணினியின் கோட் பேஜில் (அதன் பழைய எழுத்து அட்டவணையில்) படித்துக் கோப்பு இல்லை என்கிறது. ஐஓ.ஓபனை மறைத்து, பாதையை யுடிஎஃப்-16க்கு மாற்றித் திறக்கும் என் சொந்த ஃபங்ஷனை அந்த இடத்தில் வைத்தேன். கோப்பை வரிவரியாகப் படிக்கும் ஐஓ.லைன்ஸுக்கு இன்னும் வைக்கவில்லை.