அரைக் கட்டணச் சலுகையா, தரமணி சீட்டா?

அக்கா மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்ததும் ஒளிப்பதிவுதான் படிப்பேன் என்று நின்றுவிட்டாள். கையில் இருந்தவை போனில் எடுத்த இரண்டு குறும்படங்களும் நூறு நூற்றைம்பது புகைப்படங்களும். "திறமைக்கு ஸ்காலர்ஷிப் தர்றாங்களாம் மாமா, கொஞ்சம் தேடிப் பாருங்க" என்றாள். தேடினேன். தேடியதில் தெரிந்தவற்றை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்ததுதான் இது.

முதலில் கதவைத் தட்டியது ஒரு தனியார் கல்லூரி. அவள் படங்களைப் பார்த்தார்கள், பாராட்டினார்கள், மறுவாரமே கடிதம் வந்துவிட்டது: திறமை உதவித்தொகை, 50 சதவீதம். அக்கா வீட்டில் ஸ்வீட் வாங்கிவிட்டார்கள். நான் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்தேன். சலுகை படிப்புக் கட்டணத்துக்கு மட்டும். அதுவும் முதல் ஆண்டுக்கு மட்டும். கருவிக் கட்டணம், ஸ்டுடியோ கட்டணம், விடுதி எல்லாம் முழுசாகக் கட்ட வேண்டும். படிப்புக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 4 லட்சம், மூன்று ஆண்டுக்கு 12 லட்சம். அதில் குறைவது 2 லட்சம். மீதி 10 லட்சம், மேல்செலவு தனி. விலையை ஏற்றி ஒட்டிவிட்டுப் பாதிக்குக் கொடுக்கும் ஆடித் தள்ளுபடி மாதிரிதான். எல்லாத் தனியார் கல்லூரியும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் சலுகை எத்தனை ஆண்டுக்கு, எந்தக் கட்டணத்துக்கு, மதிப்பெண் குறைந்தால் நிற்குமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

இதற்கு நேர் எதிரே நிற்பது தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். இங்கே திறமை உதவித்தொகை என்று யாரும் கடிதம் நீட்ட மாட்டார்கள். நான்காண்டு இளங்கலைக் காட்சிக்கலைப் பட்டம். ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, இயக்கமும் திரைக்கதையும், படத்தொகுப்பு, அனிமேஷன் என்று துறை பிரித்து நடத்துகிறார்கள். அரசுக் கட்டணம்தான், தனியார் கல்லூரியின் கருவிக் கட்டணத்துக்குக்கூட ஈடாகாது. கிடைக்கும் சீட்டே உதவித்தொகை என்று நான் கணக்கு வைத்துக்கொண்டேன். சிக்கல் என்னவென்றால் துறைக்குச் சில இடங்கள்தான். பிளஸ் டூவில் என்ன பிரிவு எடுத்தீர்கள் என்பதையும் பார்ப்பார்கள்; விளக்கக் குறிப்பேட்டைப் படிக்காமல் போய் நின்றால் திறமை இருந்தும் வாசலோடு திரும்ப வேண்டும்.

அப்புறம் ஒரு நல்ல விஷயம்: அரசு நிறுவனத்தில் சேர்ந்தால், திறமையே கேட்காத உதவிகள் அந்தச் சின்னக் கட்டணத்தையும் தின்றுவிடும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும் வரை. 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குப் பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. பிற்படுத்தப்பட்டோருக்கும் தனித் திட்டம் இருக்கிறது. சினிமா படிக்கப் போகிறவர்கள் பலர் இந்தப் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை.

சரி, உண்மையிலேயே திறமையைச் சோதித்துக் கையில் காசு கொடுப்பவர்கள் யார்? மத்தியக் கலாசார அமைச்சகத்துக்காக சி.சி.ஆர்.டி. என்ற பண்பாட்டு வள, பயிற்சி மையம் நடத்தும் இளம் கலைஞர் உதவித்தொகைதான் பெரியது. 18 முதல் 25 வயது வரை, ஆண்டுக்கு 400 பேர் வரை, மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டு. மொத்தம் 1,20,000, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவணையாக வரும். நிபுணர்கள் முன்னால் பாடிக் காட்ட வேண்டும், ஆடிக் காட்ட வேண்டும், வரைந்ததை விரித்து வைக்க வேண்டும். குருவிடமோ நிறுவனத்திலோ குறைந்தது ஐந்தாண்டு பயின்றிருக்க வேண்டும் என்பது விதி. கர்நாடக இசை, பரதம், நாடகம், ஓவியம், சிற்பம், நாட்டுப்புறக் கலை எல்லாம் உண்டு. ஒளிப்பதிவு கிடையாது! எங்கள் பெண்ணுக்கு இது அங்கேயே முடிந்துபோனது. ஆனால் கும்பகோணம் அரசுக் கவின்கலைக் கல்லூரியிலோ, 1850 முதல் இயங்கும் சென்னை ஓவியக் கல்லூரியிலோ படிக்கும் ஓவிய மாணவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: விண்ணப்பம், தேர்வு, முடிவு, தவணை எல்லாம் மெதுவாகத்தான் நகரும். இந்தப் பணத்தை நம்பி ஜூன் மாதக் கட்டணத்துக்கு நாள் குறிக்காதீர்கள். வீட்டில் 10 முதல் 14 வயதுக்குள் பாட்டோ நடனமோ கற்கும் பிள்ளை இருந்தால், அதே சி.சி.ஆர்.டி.யின் சிறார் திட்டத்தை இப்போதே பாருங்கள். ஆண்டுக்கு 3,600 ரூபாய்தான் என்றாலும் இளங்கலை வரை புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

நடிப்பு, நாடகம் என்றால் கணக்கே வேறு. 1959-இல் தொடங்கிய டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் சேரும் மாணவர்களுக்கு மூன்றாண்டும் மாதாமாதம் உதவித்தொகை உண்டு. உள்ளே போய்விட்டால் பணத்துக்குத் தனியாக அலைய வேண்டாம் என்பதால், இந்த வரிசையிலேயே திறமைக்கு உதவித்தொகை என்ற பெயருக்கு முழுத் தகுதி இதற்குத்தான் என்பேன். ஆனால் பட்டப்படிப்பு முடித்து, மேடை அனுபவமும் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். பதினெட்டு வயதில் தட்டினால் திறக்காது.

புனே, கொல்கத்தா திரைப்பட நிறுவனங்களின் முக்கியமான படிப்புகளும் பட்டத்துக்குப் பிறகுதான். பயிற்சியின் தரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவற்றை மலிவு என்று நினைத்த காலம் போய்விட்டது. 2019 டிசம்பரில் புனே மாணவர்கள் ஆண்டுதோறும் ஏறும் கட்டணத்தையும் நுழைவுத் தேர்வுக் கட்டணத்தையும் எதிர்த்து உண்ணாவிரதமே இருந்தார்கள். போவதென்றால் நான்கைந்து ஆண்டு முன்பிருந்தே பணத்துக்கும் ஏற்பாடு வேண்டும்.

வெளிநாடு பற்றியும் கேட்டாள். அமெரிக்கக் கட்டணத்தைப் பார்த்ததும் அவளே அந்தப் பக்கத்தை மூடிவிட்டாள். எனக்குப் பிடித்தது செக் நாட்டு வழி. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் செக் மொழியில் படித்தால், எந்த நாட்டவருக்கும் படிப்புக் கட்டணம் இல்லை. பிராகில் உள்ள ஃபாமு திரைப்படப் பள்ளியும் அந்த வகைதான். ஆங்கிலத்தில் படித்தால் கட்டணம் உண்டு. மொழிக்கு ஒன்றிரண்டு ஆண்டு கொடுக்கவும், அங்கே தங்கிச் சாப்பிடவும் வசதி இருப்பவர்கள் யோசிக்கலாம். எங்களால் ஆகாது.

கடைசியில் தனியார் கல்லூரிக் கடிதத்தை அக்கா மடித்து பீரோவில் வைத்துவிட்டாள். தரமணிக்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டது. அங்கே கிடைக்காவிட்டால், பக்கத்து அரசுக் கல்லூரியில் ஏதாவது ஒரு பட்டம், மூன்றாண்டும் படமெடுத்துப் பழக்கம், பிறகு புனே நுழைவுத் தேர்வு என்று பேசி வைத்திருக்கிறோம். இந்த வாரம் வருமானச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்துக்கு நடந்துகொண்டிருக்கிறேன்.